வரிசையில் இல்லாத கேள்வி

சகாயமேரிக்கு வயது முப்பத்தொன்பது. உளவியல் துறையில் ஆய்வு உதவியாளர். அவளுடைய பேராசிரியர் ரஹீமாவோ அவளைவிட ஐந்து வயது சின்னவர். அதனால் உதவியாளர் பேராசிரியரை ‘மேடம்’ என்பாள். பேராசிரியர் உதவியாளரை ‘அக்கா’ என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்கள் இருவருக்கும் இல்லை.

அன்று காலை வரும்போதே சகாயமேரியின் முகம் சரியில்லை.

“மேடம், அந்தக் கம்பெனிக்காரங்க இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லச் சொல்றாங்க. ஜனங்ககிட்டப் பேசி, எதை வாங்குறாங்க, ஏன் வாங்குறாங்கன்னு கண்டுபிடிக்கிற வேலை. நல்ல சம்பளம். இங்க பி.எச்.டி. சேர்ந்தா அஞ்சு வருஷம் போயிரும்.”

“சரி.”

“என்ன சரி? பட்டம் வாங்கினா ஆராய்ச்சியில எனக்கு வழி கூடுமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க. வீட்டுல அவருக்குப் பதில் சொல்லி மாளலை.”

“இப்ப அருளப்பன் வந்துருவாரு. முதல்ல அவரைப் பாத்துருவோம். நானும் கூட உக்கார்றேன்.”

இந்த அம்மாவிடம் நேரான பதில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சகாயமேரி முணுமுணுத்துக்கொண்டே போய் மின்விசிறியைப் போட்டாள்.

அருளப்பன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றவர்களின் தூக்கத்தை டீயும் காபியும் என்ன செய்கின்றன என்பதுதான் ரஹீமாவின் ஆய்வு. எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை, அதே வார்த்தைகள். ஒருவரிடம் ஒன்றைக் கூட்டிக் கேட்டாலும் மற்றவர்களோடு ஒப்பிட முடியாமல் போகும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே சகாயமேரிதான்.

“ராத்திரி நல்லாத் தூங்குறீங்களாய்யா?”

“எங்கம்மா தூக்கம்? விடிய விடிய முழிச்சுத்தான் கெடக்கேன்.”

“பகல்ல தூங்குவீங்களா?”

“பஸ்ல ஏறினாத் தூங்கிருவேன். அதுக்குன்னே திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்துப் போயிட்டு வருவேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஆஸ்பத்திரி பெஞ்சுலகூடத் தூங்கியிருக்கேன். வீட்டுலதாம்மா முடியலை.”

வீட்டில் என்ன? கேள்வி சகாயமேரியின் வாய்வரை வந்துவிட்டது. அருளப்பனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி ரஹீமாவைப் பார்த்தாள். ரஹீமா வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை டீ, காபி குடிப்பீங்கய்யா?”

“மூணு,” என்றார் அருளப்பன். அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில்தான் பதில்.

முடிந்ததும் எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார்.

“அவ்வளவுதானாம்மா? வேற ஒண்ணும் கேக்கலியா?”

“அவ்வளவுதாங்கய்யா. ரொம்ப நன்றி.”

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், சகாயமேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன மேடம் இது! மனுஷன் சொல்ல வந்தாரு. நான் டீக் கேள்விக்குப் போயிட்டேன். எனக்கே வெக்கமா இருக்கு.”

“என் ஆய்வு எதைப் பத்தி அக்கா?”

“தூக்கத்தையும் டீயையும் பத்தி.”

“அப்ப நீங்க செஞ்சது சரிதானே?”

“நல்லா இருக்கே கதை! அப்ப அவரை யாருதான் கேக்குறது?”

சகாயமேரி நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“கம்பெனியில சேர்ந்தா இந்த மாதிரி ஆளுங்களைப் பாக்க முடியுமா மேடம்?”

“இங்கயவிட நிறையப் பாப்பீங்க. என்ன கேக்கணும்னு அவங்களே சொல்லிருவாங்க.”

“இங்க சேர்ந்து முடிச்சா வேலை?”

“கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பட்டம் வாங்கிட்டு வேலை தேடிக்கிட்டிருக்கிறவங்களையும் எனக்குத் தெரியும். அதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது அக்கா.” ரஹீமா எழுந்து சன்னலைச் சாத்தினார். “ஆனா இங்க சேர்ந்தா அது உங்க சொந்த ஆய்வு. அருளப்பனைத் திரும்பக் கூப்பிட்டு, வீட்டுல என்னன்னு நீங்க கேக்கலாம்.”