மணிப்பூ ஊமையான கதை

செடிகொடிகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. அந்தக் காலத்தில் மணிப்பூவுக்குள் ஒரு சின்ன நாக்கு இருந்தது. காற்று பட்டால் ஒலிக்கும். தானே நினைத்தாலும் ஒலிக்கும்.

கூதல்மலை என்று ஒரு மலை. அதன் உச்சியில் பன்னிரண்டு வீடுகள். கீழ்நாட்டிலிருந்து ஏறிவரும் ஒற்றையடிப் பாதை ஊருக்கு எதிரே ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்புக்கு வந்து, சட்டென்று இடப்பக்கம் திரும்பி, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஊரை அடையும். பகலில்கூட மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அந்தத் திருப்பத்தில்தான் மணிப்பூச்செடி ஒரு சிறு புதராக நின்றது. பனியில் வருபவர்கள் மணிச்சத்தத்தைப் பார்த்து நேரே நடப்பார்கள். செடி காலில் தட்டியதும் இடப்பக்கம் திரும்புவார்கள். வீடு வந்துவிடும்.

அந்த ஊரில் மாதி என்று ஒருத்தி இருந்தாள். பள்ளத்தை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. அவள் மகள் கெம்பிக்கு ஆறு வயது. ஐப்பசி மழையில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாளாகியும் இறங்கவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் துப்பினாள். கண் திறக்கவில்லை.

"கீழே போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேன். போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். நாலு நாள் பொறுத்துக்க" என்றான் அவள் புருஷன் நஞ்சன். மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

அன்று மாலை கெம்பி முனகினாள். "அம்மா, மணி கேக்கலையே."

மழை இரைச்சலில் மணிச்சத்தம் பள்ளத்தைத் தாண்டி வரவில்லை. ஒன்பது நாளில் குழந்தை பேசிய முதல் வார்த்தை அதுதான். மாதி ஒரு மண்சட்டியை எடுத்துக்கொண்டு திருப்பத்துக்கு ஓடினாள்.

"மணியக்கா, என் மகளுக்காக மூணே நாள் என் வீட்டுக்கு வா."

"நான் வந்துவிட்டால் இங்கே யார் நிற்பது?" என்று கேட்டது பூ.

"மழைக்கு ஊரே வீட்டுக்குள்ள கிடக்கு. கீழே போனவர் அவர் ஒருத்தர்தான். நாலாம் நாள்தான் வருவார். மூணாம் நாள் விடிஞ்சதுமே உன்னைக் கொண்டாந்து நட்டுடறேன்."

பூ ஒப்புக்கொண்டது. பிறகு சொன்னது: "அடுப்புப் பக்கம் என்னை வைக்காதே. வெக்கை எனக்கு ஆகாது. குளிர்ந்த ஜன்னலோரம் போதும். தலையில் தண்ணீர் ஊற்றாதே, மண்ணில் ஊற்று. வாடின பூவை அன்றைக்கன்றைக்குக் கிள்ளிவிடு. சொன்ன நாளில் திரும்பக் கொண்டுவந்துவிடு."

மாதி செடியை வேரோடு பெயர்த்துச் சட்டியில் வைத்து, அது சொன்னபடியே செய்தாள். பள்ளத்தைப் பார்த்த ஜன்னலில் சட்டி ஏறியது. பூ மெல்ல ஒலித்தது. கெம்பி கண் திறந்தாள். மறுநாள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலை, "பசிக்குதும்மா" என்றாள்.

மாதிக்கு அழுகை வந்தது. கஞ்சி காய்ச்சினாள், ஊட்டினாள், தலைவாரிவிட்டாள்.

"விடிந்துவிட்டது மாதி" என்றது பூ.

"இதோ போகலாம் அக்கா."

சட்டியை எடுக்கப் போனபோது கெம்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்மா." ஒன்பது நாளாகச் சுருண்டு கிடந்த கை. மாதியால் அதை உதற முடியவில்லை. நாளைக்குத்தானே வருவார், விடியலில் நட்டால் போயிற்று என்று சட்டியை ஜன்னலிலேயே விட்டுவிட்டாள்.

உச்சிவேளைக்கு மேல் பனி இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"மணி அடிக்கச் சொல்லும்மா" என்றாள் கெம்பி.

"வேண்டாம்" என்றது பூ. "இடம் மாறி நிற்கிறேன். பனி நேரத்தில் நான் ஒலிக்கக் கூடாது."

"அவர் நாளைக்குத்தான் வருவார்னு சொன்னேனே. பாதையில ஒரு ஆளும் கிடையாது. குழந்தை ஆசையாக் கேக்குறா, அக்கா."

கெம்பி இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பூ ஒலித்தது. எல்லாப் பூக்களும் சேர்ந்து ஒலித்தன. கெம்பி சிரித்தாள்.

அப்போது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "மாதி! வந்துட்டேன்! மருந்து கிடைச்சுடுச்சு!"

நஞ்சன் இரவிலும் தங்காமல் நடந்திருந்தான். நாலு நாள் வழியை மூன்று நாளில் முடித்து, மணிச்சத்தத்தைப் பார்த்து நேரே வந்துகொண்டிருந்தான்.

"நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!" என்று மாதி ஜன்னலில் கத்தினாள். பூ சட்டென்று அடங்கியது. கல் உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

பனி விலகியதும் ஊரார் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கினார்கள். அவன் மடியில் மருந்துப் பொட்டலம் நனையாமல் இருந்தது. மாதி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். யாருக்குக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கெம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது.

நஞ்சன் இறந்த மூன்றாம் நாள் மாதி சட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பத்துக்குப் போனாள். பூவெல்லாம் தலை கவிழ்ந்திருந்தது. உள்ளே பார்த்தாள். ஒன்றிலும் நாக்கு இல்லை. அத்தனை நாக்குகளும் சட்டி மண்ணில் உதிர்ந்து கிடந்தன.

"என்னை இங்கே நடாதே" என்றது பூ. "நான் நிற்பதைப் பார்த்தால் சத்தம் வரும் என்று நம்பி வருவார்கள். இனி என்னை நம்பி யாரும் ஒரு அடிகூட எடுத்துவைக்கக் கூடாது."

"அக்கா, தப்பு என்னோடது. உன்னோடது இல்ல."

அதற்குப் பிறகு பூ யாரோடும் பேசவில்லை.

மாதி அதை வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஜன்னலோரம் வைத்தாள். மண்ணில் பார்த்துத் தண்ணீர் ஊற்றினாள். வாடினதைக் கிள்ளினாள். கிள்ளக் கிள்ளப் புதுப்பூ விட்டது. ஒவ்வொரு பூ விரியும்போதும் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். கெம்பி வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகும் கேட்டாள். ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை.

மணிப்பூ மணியின் உருவத்தோடு பூத்தும் சத்தமில்லாமல் தலை கவிழ்ந்து நிற்பதும், குளிர்ந்த ஜன்னலோரம் தேடி அதை வைப்பதும், வாடின பூவைக் கிள்ளக் கிள்ள அது மறுபடி பூப்பதும் அன்று தொடங்கியவைதான்.