சாயம் ஏறாத மூன்று இடம்

"உங்க சாயம் சரியில்லீங்க டீச்சர்."

நாச்சிமுத்து உள்ளே வந்ததும் சொன்ன முதல் பேச்சு இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கையில் பழைய வேட்டி சுற்றிய எலெக்ட்ரிக் கிதார். கிதார் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். கழுத்தும் கம்பியும் இன்னும் பூட்டவில்லை. வெறும் உடம்பு மட்டும், கனத்த பலாக் கட்டை.

மெர்லின் போத்தனூரில் கிதார் செய்கிறவள், செய்யக் கற்றும் கொடுக்கிறவள். வயது முப்பத்து மூன்று. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு. பீளமேட்டில் லேத் பட்டறை. இரும்பை ஒரு நூல் பிசகாமல் கடைவார். நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கே வந்து மரத்திடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

"பிரிங்க பாக்கலாம்" என்றாள் மெர்லின்.

கட்டையில் சுற்றியிருந்த வேட்டியை உருவினார்.

பலா மரம் மஞ்சள். அதன் மேல் தண்ணீரில் கரைத்த நீலச் சாயம். இரண்டும் சேர்ந்து மயில் கழுத்துப் பச்சை வந்திருந்தது. அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் மேல் வளைவில் மூன்று இடத்தில் சாயம் ஏறவில்லை. மூன்று மஞ்சள் திட்டு, விரல் நுனி அகலம்.

"மூணு தடவ பூசிட்டனுங்க. அந்த எடம் மட்டும் குடிக்கவே மாட்டேங்குது."

"மரத்த யாரு தொட்டா?"

"நாந்தான். வேற யாரு தொடுவாங்க? என்ற ஊட்டுலயும் பட்டறையிலயும் எவனும் எதையும் தொட மாட்டான்."

அதில் பெருமை வேறு.

மெர்லின் திட்டுகளின் மேல் மூக்கை வைத்து முகர்ந்தாள். மூன்றின் இடைவெளியையும் விரலால் அளந்தாள்.

"கறுப்பு பெயிண்ட் அடிச்சு மூடிப்போடலாமுங்களா?"

"மூடலாம். அதுக்குப் பலா எதுக்கு? பிளைவுட் போதுமே."

நாச்சிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. அது புடைத்தால் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்கூடக் கேட்காது. மெர்லின் அந்த வீட்டுக்காரி இல்லை. வார்னிஷ் டப்பாவை எடுத்துக் கலக்க ஆரம்பித்தாள்.

"இது யாருக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்கல்ல?"

தெரியும். முதல் ஞாயிறே சொல்லியிருந்தார். மகள் கௌசிகா. இரண்டு வருடத்துக்கு முன் கல்லூரியில் மூன்று பேப்பர் அரியர். ரிசல்ட் வந்த அன்று இவர் அவளுடைய கிதாரை லேத் மேல் அடித்து உடைத்தார். மறுவாரம் அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் பேசுவாள். அப்பாவிடம் பேசியதில்லை. இவரும் ஒரு நாள் போன் போட்டதில்லை.

"ஒரு கொற இல்லாம இதக் குடுத்தாத்தான் அவ மொகத்துல நான் முழிக்க முடியும். ஒரு கொற இருக்கக் கூடாதுங்க டீச்சர்."

"சரி. உங்களத் தவிர தொட்டது யாரு?"

அவர் யோசித்தார். பிறகு போனை எடுத்து மனைவிக்குப் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். தப்பு யாருடையது என்று டீச்சரும் கேட்கட்டும் என்று.

"பூங்கொடி, கட்டையத் தொட்டயா?"

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"தொட்டயா இல்லியா?"

"தூசி... தொடச்சனுங்க."

"எந்தத் துணியில?"

"இங்க கெடந்த துணிதானுங்க."

"அடுப்படித் துணி! எண்ணெத் துணி! நாலு மாசம்டி! நாலு மாசப் பாட்ட ஒரு கரித்துணியில நாசம் பண்ணிட்டயேடி!"

அவர் போனைத் துண்டித்தார்.

"எண்ணெதான்" என்றாள் மெர்லின். "ஆனா துணியில இழுத்திருந்தா பட்டை பட்டையாத் தெரியும். இது வட்டமா இருக்கு."

அவர் காதில் அது விழவில்லை. கட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு கையாலும். கோடாலியைத் தூக்குகிற மாதிரி.

மெர்லின் தடுக்கவில்லை. மேஜையிலிருந்த பட்டறைக் கல்லை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். பழைய கிதார்களின் உலோகப் பாகத்தைத் தட்டி நிமிர்த்துகிற கல் அது.

"இதுல அடிங்க. மேஜை புதுசு."

நாச்சிமுத்து கல்லைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று தேடினார். அவள் முகத்தில் கேலி இல்லை. பயந்துதான் போயிருந்தாள். ஆனாலும் நகரவில்லை.

வெளியே ஒரு ரயில் முழுசாகக் கடந்து போனது.

அவர் கட்டையை இறக்கினார்.

"உப்புத்தாள் குடுங்க."

"எதுக்கு?"

"தேச்சு எடுத்தர்றேன். எண்ணெ எவ்வளவு ஆழம் போயிருந்தாலும் தேச்சு எடுத்தர்றேன்."

கொடுத்தாள். முரட்டுத் தாளாகவே கொடுத்தாள்.

நாச்சிமுத்து தேய்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். பச்சைத் தூள் பறந்தது, பிறகு மஞ்சள் தூள். சட்டை, மீசை எல்லாம் தூள். கால் மணி நேரத்தில் முதல் திட்டு போய்விட்டது. அந்த இடத்தில் சாயத்தைத் தொட்டு வைத்தார். மரம் குடித்தது. பச்சை ஏறியது.

"பாருங்க! போயிருச்சு!"

இரண்டாவதின் மேல் தாளை வைத்தார்.

"ஏனுங்ணா, உங்க லேத்துக்கு ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்கறது யாரு?"

"என்ற புள்ளதான்." தலை நிமிரவில்லை. "நாலு வயசுல இருந்து, ஊர உட்டுப் போற வரைக்கும் அவதான். வேற யாரையும் வெக்க உட மாட்டா."

"எத்தன வெப்பாங்க?"

"மூணு. வரிசையா மூணு."

"சந்தனமா?"

"மஞ்சளுங்க. தண்ணியில கொழச்சு வெச்சா இரும்பு துருப்புடிக்குமில்ல? அதனால எங்கூட்டுல நல்லெண்ணெயிலதான் கொழ..."

கை நின்றது.

மெர்லின் வார்னிஷ் கலக்குவதை நிறுத்தவில்லை. அறையில் அந்தக் குச்சிச் சத்தம் மட்டும்.

நாச்சிமுத்து கட்டையைத் திருப்பிப் பிடித்தார். தேய்த்த இடம் ஒன்று. தேய்க்காத வட்டம் இரண்டு. மூன்றும் ஒரே வரிசை. லேத்தின் தலையில் எத்தனை வருடம் பார்த்த வரிசை. காலையிலிருந்து அதைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் மனைவிக்குப் போட்டார். இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லை. ஆனால் அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மெர்லினுக்கும் கேட்டது.

"பூங்கொடி. கௌசி வந்திருந்தாளா?"

பூங்கொடி குரலைத் தாழ்த்தினாள்.

"வியாழக்கெழம. நீங்க பட்டறைக்குப் போனப்புறம். சர்ட்டிபிகேட் எடுக்கோணும்னு வந்தா."

"கட்டையப் பாத்தாளா?"

"இது என்னம்மான்னு கேட்டா. உனக்குத்தான் அப்பா செய்யறாருன்னு சொன்னேன். பக்கத்துலயே உக்காந்துட்டா. அர மணி நேரம் பேசவே இல்ல. அப்புறம் எந்திரிச்சுப் போயி மஞ்சக் கொழச்சுட்டு வந்தா."

"அப்புறம்?"

"அவ பஸ் ஏறுனதும் நாந்தான் தொடச்சேன். மரமும் மஞ்சளுங்கறதால தெரியாதுன்னு நெனச்சேன்."

"எதுக்குத் தொடச்ச?"

"நீங்க கத்துவீங்கன்னுதானுங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பூங்கொடி வைத்த பிறகும் எடுக்கவில்லை.

பிறகு போனை மேஜையில் வைத்துவிட்டு, குனிந்து தரையைப் பார்த்தார். தூள் கிடந்தது. கையால் கூட்டினார். ஐம்பத்து நான்கு வயது ஆள் முழங்கால் போட்டு, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைச் சேர்த்துக்கொண்டு நின்றார். எது மரத்தூள், எது மகள் வைத்த மஞ்சள் என்று யாராலும் பிரிக்க முடியாது.

அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

மெர்லின் கட்டையின் மேல் கிடந்த உப்புத்தாளை மெதுவாக எடுத்து வைத்தாள். வார்னிஷ் பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

"மிச்சம் ரெண்டு இருக்குங்க டீச்சர். அத உட்டர்றேன், தொட மாட்டேன். ஆனா நான் அழிச்சேனே, அந்த ஒண்ணு. நானே எண்ணெயில மஞ்சக் கொழச்சு, அதே எடத்துல, அதே அளவுல..."

"வெப்பீங்களா?"

அவர் உள்ளங்கையிலிருந்த தூளைப் பார்த்தார்.

"வேற எப்படித்தானுங்க அதத் திரும்பக் கொண்டாறது?"

மெர்லின் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். வார்னிஷ் டப்பாவை மூடியால் அழுத்தி மூடினாள். பிறகு மேஜையில் கிடந்த அவருடைய போனைத் துடைத்து, அவர் பக்கம் தள்ளினாள்.

"பொட்டு வெச்சவங்களக் கேளுங்க."