டாக்டர் பரிமளம் எடுத்த ஒரு நாள் லீவு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவர் மட்டும் அன்று சிரிக்கவில்லை. அந்த இடம் வரும், அவசரம் வேண்டாம். அதற்கு முன் ஒரு களைத்த மனுஷி மாடிப்படி ஏறி முடிக்க வேண்டும்.

டாக்டர் பரிமளம் ஏறிக்கொண்டிருந்தார். திருச்சி வெயில் படிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயது ஐம்பத்து மூன்று. பகலில் ஆஸ்பத்திரி வார்டு, மிச்ச நேரத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி. மிச்ச நேரம் என்று ஒன்று இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

மேலே ஆய்வுக்கூடத்தில் காத்திருந்த வழிகாட்டிப் பேராசிரியர் ரிஸ்வானாவுக்கு முப்பத்தைந்துதான். ஆனாலும் குரு குருதான். பரிமளம் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"வாங்க டாக்டர். தண்ணி குடிங்க."

"குடிக்கறேன் மேடம். முதல்ல ஒண்ணு கேட்டுடறேன். இல்லேன்னா தலை வெடிச்சிடும்."

ஆராய்ச்சி பஸ் டிரைவர்களைப் பற்றியது. மனசு பதறும்போது உடம்பில் கார்டிசால் என்று ஒரு ஹார்மோன் ஊறும். அது இறங்காமலே இருந்தால் வயிற்றில் கொழுப்பு சேரும், இதயத்துக்குச் சுமை கூடும். தூங்கி எழுந்ததும் ஒரு துண்டுப் பஞ்சை வாயில் அதக்கி எடுத்தால், அந்த எச்சிலிலேயே அளந்துவிடலாம். வண்டி எடுக்கும் நாளில் ஏறியிருக்கும், லீவு நாளில் இறங்கும் என்று பரிமளம் நம்பியிருந்தார். இறங்கினால், டபுள் டூட்டி பார்க்கிறவர்களுக்கு வாரம் ஒரு முழு நாள் ஓய்வு கட்டாயம் என்று எழுதலாம்.

"எல்லா சாம்பிளும் எடுத்து முடிச்சாச்சு மேடம். லீவு நாள்லயும் இறங்கலை. ஒருத்தருக்குக்கூட. சிலருக்கு வண்டி நாளைவிட மேல நிக்குது. ஏன்?"

ரிஸ்வானா பேனாவை மூடினார், திறந்தார்.

"டிப்போ மேனேஜர் கேட்டாரா?"

"கேட்காம இருப்பாரா? 'லீவு குடுத்தாலும் அதேதான், குடுக்காட்டியும் அதேதான்னா, லீவு எதுக்கும்மா? பேசாம வண்டியையே ஓட்டட்டும்'னு சிரிக்கிறார். திங்கட்கிழமை ரிப்போர்ட் குடுக்கணும். ஓய்வால பிரயோஜனம் இல்லைன்னு என் கையாலயே எழுதணுமா மேடம்?"

"டிரைவருங்க என்ன சொல்றாங்க?"

"காளியப்பன்னு ஒருத்தர். 'தூங்குறேங்கம்மா, ஆனா தூங்கின மாதிரி இல்லீங்க'ங்கறார். எல்லாரும் அதே பாட்டுதான்."

"லீவு நாள்ல எப்ப எழுந்திரிக்கிறாங்க?"

"அஞ்சு மணிக்கு."

"எல்லாருமா?"

"எல்லாரும். அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது." பரிமளத்தின் முகத்தில் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் பெருமை. "ஆரம்பத்துல ஒருத்தர் பஞ்சை மறந்துட்டு டீ குடிச்சிட்டார். இன்னொருத்தர் பல்லைத் தேய்ச்சிட்டு வந்து நிக்கிறார். அப்புறம் அந்தக் கதையே கிடையாது. நான் பார்த்துக்கிட்டேன்."

ரிஸ்வானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் லேசாகக் குலுங்கியது. இருமல் போல என்று பரிமளம் நினைத்தார்.

திரும்பியபோது குருவின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"உங்க சாம்பிள் ஒண்ணு வேணும் டாக்டர்."

"என்னுதா? நான் என்ன பஸ்ஸா ஓட்டறேன்?"

"வேணும். நாளைக்கு ஞாயிறு. வார்டுக்கு லீவு சொல்லிடுங்க. அலாரம் வைக்காதீங்க. தூக்கம் எப்ப தானா கலையுதோ, அப்ப பஞ்சை வைங்க."

"தானா கலையறதா?" பரிமளம் யோசித்தார். "அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு மேடம். சரி. ஆனா நான் கேட்டதுக்குப் பதில்?"

"பஞ்சு கொண்டுபோங்க."

பரிமளம் பஞ்சு இருந்த சிறு குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவர் கடைசிப் படியில் இருக்கும்போதே ரிஸ்வானா காளியப்பனின் நம்பரைத் தேடி எடுத்தார். 'அம்மா எப்படிப் பேசுவாங்க?' என்று கேட்டால் போதும், காளியப்பன் நடித்தே காட்டிவிடுவார்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. பரிமளம் தூங்கட்டும்.

தூங்கினார். மாத்திரை போட்டுக்கொண்டு, கால் இரண்டையும் தலையணை மேல் தூக்கி வைத்து, கட்டை மாதிரி தூங்கினார்.

போன் அலறியது. மணி ஐந்து. ஜன்னலில் வெளிச்சமே இல்லை. தெரியாத நம்பர். வார்டில் யாருக்கோ என்னவோ என்று நெஞ்சு திடுக்கென்றது.

"முழிச்சாச்சா?"

ஒரு பெண் குரல். தொண்டை கட்டின, கறாரான குரல்.

"யாரு..."

"லேப்ல இருந்து. படுத்துக்கிட்டே பேசக் கூடாது, எனக்குத் தெரியுது. எழுந்து உக்காருங்க. பஞ்சு எங்க?"

புதிதாக யாரையோ வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள் போல. பரிமளம் இருட்டில் குப்பியைத் தடவி எடுத்து, பஞ்சை வாயில் வைத்தார்.

"வச்சாச்சா? கடிக்கக் கூடாது. டீ குடிக்கலையே? பொய் சொன்னா மெஷின் காட்டிக் குடுத்துடும்."

"ம்ம்."

"ம்ம்னா குடிச்சீங்களா, குடிக்கலையா?"

"ம்ஹூம்!"

"சரி. போனை வச்சுட்டாளேன்னு சாய்ஞ்சிடாதீங்க. மறுபடி கூப்பிடுவேன்."

கூப்பிட்டாள். பரிமளம் ஸ்பீக்கரைப் போட்டு போனை மெத்தை மேல் எறிந்தார். என்ன பொம்பளை இவ! நாளைக்கே மேடத்திடம் சொல்லி இவளை நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மாவிடமாவது நாம் இப்படிப் பேசியிருப்போமா? காது சுட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றால் வாயில் பஞ்சு.

"கோவிச்சுக்கிட்டா எப்படி?" என்றது மெத்தை மேலிருந்த குரல், இப்போது கொஞ்சம் குழைந்து. "உங்க நெஞ்சு நல்லா இருக்கணும்னுதானே நானும் தூங்காம முழிச்சுக் கிடக்கேன்? எனக்கென்ன, வேண்டுதலா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த கணவர் தங்கராசு, கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"பரிமளம்... மறுபடியும் போன்ல ஆரம்பிச்சிட்டியா? லீவு நாளும் அதுவுமா, பாவம், அந்த டிரைவருங்களைக் கொஞ்சம் தூங்க விடும்மா."

பரிமளம் வாயைத் திறந்திருக்கவே இல்லை.

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

போனில் யாரோ சிரிப்பை விழுங்கும் சத்தம் கேட்டது. அதன்பின் ரிஸ்வானாவின் சொந்தக் குரல், மெதுவாக வந்தது.

"பஞ்சைத் துப்பிடாதீங்க டாக்டர். அது லீவு நாள் சாம்பிள். ரிப்போர்ட்ல முதல்ல அதைத்தான் வைக்கணும்."