இரண்டு விரல் பிடித்த இடம்

அந்தக் காலத்தில், கடல் முழுக்கத் தேடினாலும் உயிரென்று இருந்தது ஒரே ஒரு உயிரணுதான். கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. அதன் வயிற்றுக்குள் மருதாயி, வடிவாள் என்று இரண்டு இழைகள், அக்காளும் தங்கையுமாகப் பின்னிக் கிடந்தார்கள். பிழைக்கும் வகையெல்லாம் அவர்கள் உடம்பில்தான் எழுதியிருந்தது. ஒருத்தியின் தலைமாடு இன்னொருத்திக்குக் கால்மாடு. நெடுகக் கைகளைக் கோத்திருந்தும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததேயில்லை.

வடிவாளுக்கு அது தீராத குறை. மற்ற இடமெல்லாம் இறுக்கிப் பிடித்தவள், ஓரிடத்தில் மட்டும் இரண்டே விரல் கொடுத்திருந்தாள்.

"ஏண்டி, இங்க மட்டும் பிடி தொளதொளன்னு இருக்கு?" என்பாள் மருதாயி.

"கொஞ்சம் நெகிழ்ந்தா உன் மூஞ்சியைப் பாக்கலாம்னுதான்க்கா."

"உனக்கு மேடுன்னா எனக்குப் பள்ளம். இதுல பாக்க என்னடி இருக்கு?"

உயிரணுவுக்கு வயதானது. உப்பு ஏற ஏறத் தோல் கிழியத் தொடங்கியது. தான் போனால் உயிரென்பதே போய்விடும். இரண்டாக வேண்டும், ஆளுக்கொரு இழை வேண்டும் என்று அது திறப்பான் என்ற புரதத்தை அனுப்பியது. திறப்பான் இழை நெடுகத் தடவிக்கொண்டே வந்தான். எங்கும் நகம் நுழையவில்லை. இரண்டு விரல் இடத்துக்கு வந்ததும் நின்றான்.

"இங்கதான் பிரிக்க முடியும். விரலை எடும்மா."

"பிரிச்சா மறுபடி சேருவோமா அண்ணே?"

திறப்பான் குனிந்துகொண்டான்.

"எடுடி," என்றாள் மருதாயி. "ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டே சாகறதுக்கா இவ்வளவு காலம் கிடந்தோம்?"

வடிவாள் விரலை எடுத்தாள்.

அங்கே சிறியதாய் ஒரு வாய் பிளந்தது. அதிலிருந்து இருபக்கமும் கைகள் விட்டுக்கொண்டே போயின. அவள் திரும்பிப் பார்த்தாள். அக்காள் முகம் மறுகோடியில், வெகு தூரத்தில் இருந்தது. வெறுங்கையாய்க் கிடந்தவளிடம் தண்ணீரில் மிதந்த துணுக்குகள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு. அச்சு அசல் மருதாயி. மருதாயிக்கும் அப்படியே ஒரு துணை சேர்ந்தது. உயிரணு நடுவில் ஒடுங்கி இரண்டாகப் பிரிந்தது; மருதாயி மறுபாதியோடு போனாள்.

"அக்கா..."

"யாரைக் கூப்பிடுற?" என்றாள் புது இழை.

வடிவாள் இவளோடும் நெடுகக் கைகளைக் கோத்துக்கொண்டாள். அந்த ஓரிடத்தில் மட்டும் இவளுக்கும் இரண்டே விரல் கொடுத்தாள். இவளும் ஒருநாள் போக வேண்டியவள்தானே.

அன்று முதல்தான், உயிரணு இரண்டாகும்போதெல்லாம் பிடி லேசான இடத்தில் இழைகள் முதலில் அவிழ்கின்றன. பிறக்கும் ஒவ்வோர் உயிரணுவிலும் ஓர் இழை புதியது, ஓர் இழை பழைய துணையை விட்டுவந்தது.