ஆட்காட்டி கத்தாத காலை

அந்தக் காலத்தில், ஓர் ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாள், பொன்காலி என்னும் ஆட்காட்டிப் பறவை தன் நான்கு முட்டைகளையும் இழந்தது. விலங்குகளும் பறவைகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது.

இடம், காவிரிக் கரையில் இருந்த ஒரு புத்த விகாரையின் வெளிமுற்றம். மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராக நடக்க மாட்டார்கள். ஈரத்தில் முளைக்கும் புல்லும் ஊர்ந்துபோகும் பூச்சியும் காலில் மிதிபடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எதையும் மிதிக்காதவர்கள் இருக்கும் இடம் என்று நம்பித்தான் பொன்காலி அங்கே வெறுந்தரையில் முட்டையிட்டிருந்தது. பிக்குகள் மிதிக்கவில்லை. மேய வந்த மான் மிதித்துவிட்டது.

வெண்வாலி என்ற அந்தப் பெண்மான் முதலில் சிரித்தது. "கூழாங்கல் என்று நினைத்தேன். நடுவழியில் முட்டை போட்டால் யாருக்கம்மா தெரியும்?"

உடைந்த ஓடுகளைக் குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. மாலையில் தன் குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

"அக்கா, என்னை நன்றாகத் திட்டிவிடு. உன் மனமாவது ஆறும்."

பொன்காலி திட்டவில்லை. கோபத்தை அடக்க வேண்டும் என்று பிக்குகள் தினமும் ஓதுவதைக் கேட்டு வளர்ந்த பறவை அது. அடக்கிவிட்டதாகவே நினைத்தது. "உன் மேல் எனக்குக் கோபமே இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு யாரோடும் பேசவில்லை. மௌன விரதம் என்று மற்ற பறவைகள் மெச்சின. கொக்கு மட்டும் ஒப்பவில்லை. "விரதமா? மூஞ்சியைப் பார்த்தால் பட்டினி கிடக்கும் பாம்பு மாதிரி இருக்கிறது."

ஆவணியில் ஒரு காலை, வேடன் ஒருவன் நாணலுக்குள் தவழ்ந்து வந்தான். அவனை முதலில் கண்டது பொன்காலி. சற்றுத் தள்ளி வெண்வாலி தலை குனிந்து நீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு கத்தல் போதும். தொண்டை வரை வந்தது. 'எனக்கெதற்கு வம்பு? நான் எதிலும் தலையிடுவதில்லை' என்று தனக்குத்தானே சொல்லி, பொன்காலி அதை விழுங்கிவிட்டது.

அம்பு விலாவில் பாய்ந்தது. வேடன் மானைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, புதருக்குள் ஒளிந்திருந்த குட்டி வெளியே வந்து ஈர மணலை முகர்ந்து பார்த்தது.

"பெரியம்மா, அம்மா எந்தப் பக்கம் போனாள்?" என்று பொன்காலியிடம்தான் கேட்டது.

பொன்காலி பறந்துபோய், கிழிந்த சீவர ஆடையைத் தைத்துக்கொண்டிருந்த பிக்கு சீலமித்திரரின் முன் நின்றது.

"வேடன் வந்ததைக் கண்டேன், கத்தவில்லை. ஆனால் மானை நான் கொல்லவில்லை, அடிகளே."

"இல்லை."

"கோபப்படவும் இல்லை. நீங்கள் ஓதியபடி அமைதியாகத்தான் இருந்தேன்."

"உண்மையாகவா?"

"இல்லை. சாகட்டும் என்று நினைத்தேன்."

பிக்கு ஊசியைக் கீழே வைத்தார். "அப்படியானால் நீ வாயைத்தான் மூடியிருக்கிறாய். தப்பு எங்களிடமும் உண்டு. நாங்கள் ஓதுவதைத்தான் கேட்டாய், எதற்கு ஓதுகிறோம் என்று நாங்கள் உன்னிடம் சொல்லவே இல்லை. எல்லா உயிரும் துன்பமில்லாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான். அதில் முட்டைக்குள் இருந்த உன் குஞ்சுகளும் சேர்த்தி, அவற்றை மிதித்தவளும் சேர்த்தி."

"இனி அவளுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"அவளுக்கு ஒன்றும் செய்ய முடியாது. குட்டி உயிரோடு இருக்கிறது."

அன்று மாலை வேடன் மறுபடி வந்தான். பொன்காலி அவன் தலைக்கு மேலே வட்டமிட்டுக் குரல் கிழியக் கத்தியது. குட்டி ஓடித் தப்பியது. முட்டைகள் போன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் அப்போதுதான் சற்று இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை.

ஆள் நடமாட்டம் கண்டால், யாருடைய உயிர் என்று பாராமல், தன் கூடு இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்றும் பாராமல் ஆட்காட்டி கத்துவது அந்த மாலையிலிருந்துதான்.

மறு ஆண்டு வைகாசிப் பௌர்ணமியன்று, அந்தக் கத்தலை வைத்தே ஒரு கீரி பொன்காலியின் கூட்டைக் கண்டுபிடித்து முட்டைகளைத் தின்றது. மறுநாள் காலை வேடன் வந்தபோது பொன்காலி கத்தியது.