தென்கரையை அடைத்த பன்றி

ஒரு காட்டில் கோடையிலும் வற்றாத மடு ஒன்று இருந்தது. அதன் மூன்று பக்கமும் செங்குத்தான வழுக்குப் பாறை. தெற்கே மட்டும் சரிவான மண்கரை.

மானும் குரங்கும் பாறையில் தாவி இறங்கிவிடும். முயல் போன்ற சிறிய உயிர்களுக்குத் தென்கரையை விட்டால் வேறு வழியில்லை.

அந்த மடுவைச் சுற்றி வாழ்ந்த விலங்குகள் ஒரு கூட்டணி அமைத்திருந்தன. அதில் சேர்கிறவர் காலைத் தண்ணீரில் வைத்து இரண்டு விதிகளைச் சொல்ல வேண்டும். 'சிறுத்தையைக் கண்டால் எல்லோருக்கும் கேட்கக் குரல் கொடுப்போம். தாகத்தோடு வந்தவரைத் தடுக்க மாட்டோம்.' கூட்டணி எதை முடிவு செய்தாலும் எல்லாக் கூட்டமும் தலையாட்ட வேண்டும். ஒருவர் ஆட்டாவிட்டாலும் முடிவு செல்லாது.

தென்கரையில் பன்றிக் கூட்டம் குடியிருந்தது. அந்தக் கோடையில் ஒருநாள், பன்றித் தலைவன் முள்ளை இழுத்துப் போட்டு வழியை அடைத்தது.

"முயல்கள் கோரைப் புல்லை மேய்ந்துவிடுகின்றன. மேலே புல் இல்லாவிட்டால் கீழே நாங்கள் தின்னும் கிழங்கு எப்படித் திரளும்? இனி இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றது.

முயல்கள் கற்றாழை மடலைக் கடித்து இரண்டு நாள் தள்ளின. மூன்றாம் நாள் முயலம்மாவின் குட்டிகள் மூன்றும் எழுந்திருக்கவில்லை. காதைத் தொங்கப்போட்டுப் படுத்துக் கிடந்தன.

முயலம்மா கூட்டணித் தலைவரான கடமானிடம் ஓடியது. கடமான் எல்லோரையும் கூட்டியது.

"பன்றியாரே, நீங்களும் தண்ணீரில் கால் வைத்துச் சொன்னவர்தானே?" என்று கேட்டது கடமான்.

"சொன்னேன். யார் இல்லை என்றார்கள்? சிறுத்தை விதியை இன்றும் மதிக்கிறேன். தண்ணீர் விதி மட்டும் எங்கள் கரைக்கு ஒத்துவரவில்லை. எங்கள் கரை, எங்கள் விவகாரம்."

"அப்படியானால் வழியைத் திறக்கச் சொல்லித் தீர்மானம் போடுவோம்" என்றது கடமான்.

பன்றியின் தலை ஆடவில்லை. குரங்கும் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

"உனக்கு என்ன தம்பி? நீயுமா?" என்றது கடமான்.

"இன்று அவர் கரைக்குள் நுழைவீர்கள். நாளை என் மரத்தில் ஏறுவீர்கள். எனக்கு எதற்கு வம்பு?" என்றது குரங்கு.

கடைசியில் கடமான், "முயல்களின் நிலை கண்டு கூட்டணி வருந்துகிறது" என்று ஒரு தீர்மானம் வைத்தது. இதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். பன்றியும் ஆட்டியது.

"வருத்தத்தைக் குடிக்க முடியுமா அண்ணே?" என்றது முயலம்மா.

அப்போது பாறை மேல் நின்றிருந்த ஆள்காட்டிக் குருவி வாய் திறந்தது. "பன்றியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது."

முயலம்மா திடுக்கிட்டது. பன்றி நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அதனால் ஒவ்வொரு கூட்டமும் தனக்குப் பிடிக்காத ஒரு விதியைக் கைவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். என்ன சொல்கிறீர்கள்?"

"இதுதான் பேச்சு!" என்று பன்றி வேகமாகத் தலையாட்டியது. குரங்கும் ஆட்டியது. கடமான் குருவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக ஆட்டியது.

குருவி பறந்து வந்து முயலம்மாவின் பக்கத்தில் அமர்ந்தது. "தலையை ஆட்டு, அக்கா" என்றது தாழ்ந்த குரலில்.

"என் பிள்ளைகள் சாகக் கிடக்கிறார்கள். இதற்கா ஆட்டச் சொல்கிறாய்?"

"அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். ஆட்டு."

முயலம்மா தலையாட்டியது. முடிவு நிறைவேறியது.

"தண்ணீர் விதியைக் கைவிடுகிறோம்" என்றது பன்றி.

"குரங்கண்ணே, உங்களுக்கு எது?" என்று கேட்டது குருவி.

குரங்கு முதுகைச் சொறிந்தது. "உச்சிக்கிளையில் வெயிலில் காய்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் கத்தித் தொண்டை போகிறது. சிறுத்தை விதியைக் கைவிடுகிறோம். இனி பார்த்தால் எங்கள் ஆட்களிடம் மட்டும் சொல்லிக்கொள்வோம்."

பன்றிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குக் கண் மங்கல். பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா மிருகமா என்று தெரியாது. குரங்கின் குரலை நம்பித்தான் அதன் கூட்டமே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அது எப்படி? என் வீட்டில் ஒன்பது குட்டிகள் இருக்கின்றன!"

"உங்கள் குட்டி, உங்கள் விவகாரம்" என்றது குரங்கு.

"நாங்களும் அதே விதியைத்தான் கைவிடுகிறோம்" என்றது கடமான். "சிறுத்தையின் வாடை வந்தால் நாங்கள் ஓசையில்லாமல் போய்விடுவோம்."

சொறிந்துகொண்டிருந்த குரங்கின் கை நின்றது. "நாங்கள் இலுப்பைப்பூ பொறுக்கக் கீழே இறங்கும்போது?"

"ஜாக்கிரதையாகப் பொறுக்குங்கள்."

மேற்கே எங்கோ ஒரு சருகு நொறுங்கியது. பன்றி, குரங்கு, கடமான் மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். என்ன என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பன்றியின் பிடரி மயிர் சிலிர்த்தது.

"இது சரிவராது! பழையபடி எல்லா விதியும் எல்லோருக்கும் இருக்கட்டும்" என்றது பன்றி.

"அதேதான், அதேதான்" என்றது குரங்கு.

"தாராளமாக" என்றது குருவி. "எல்லோரும் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்."

பன்றி ஆட்டியது. குரங்கு ஆட்டியது. கடமானும் குருவியும் ஆட்டினார்கள். பிறகு எல்லோரும் முயலம்மாவைப் பார்த்தார்கள்.

முயலம்மாவின் தலை அசையவில்லை.

"ஆட்டு தாயே! என்ன யோசனை? உனக்கும் இது நல்லதுதானே?" என்று பன்றி கெஞ்சியது.

"நல்லதுதான். ஆனால் என் பிள்ளைகள் வாய் நனைந்த பிறகு ஆட்டுகிறேன்."

"முதலில் ஆட்டு, அப்புறம் திறக்கிறேன்."

"நீங்கள் தண்ணீரில் கால் வைத்துச் சொன்னதையே பார்த்துவிட்டேன் அண்ணே. முதலில் திறங்கள்."

பன்றி கடமானைப் பார்த்தது. கடமான் வேறு பக்கம் பார்த்தது. குரங்கோ, "சீக்கிரம் போய்யா, பொழுது சாய்கிறது" என்று கத்தியது.

பன்றி தானே முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டது. அவசரத்தில் மூக்கில் இரண்டு இடத்தில் கீறிக்கொண்டது.

முயலம்மா ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வந்து தண்ணீரோரம் விட்டது. முதல் குட்டி குடித்தது. இரண்டாவதும் குடித்தது. மூன்றாவது வெகுநேரம் அசையாமல் கிடந்தது. பிறகு அதன் உதடு மெல்லத் தண்ணீரைத் தேடியது.

அதைப் பார்த்த பிறகுதான் முயலம்மா தலையாட்டியது.

நீதி: பொது விதியில் தனக்குப் பிடிக்காததை ஒருவர் விலக்கினால், அவரைக் காப்பாற்றும் விதியை இன்னொருவர் விலக்குவார்.