புள்ளியில்லாத சூரியன்

ஐரோப்பாவில் ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு காடு. சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெர்ட்ராண்ட் என்ற சிங்கம் அதை ஆண்டுவந்தது. எல்லோரும் தன்னைச் 'சூரிய ராஜா' என்றே அழைக்க வேண்டும் என்பது அதன் கட்டளை.

அங்கே அன்செல்ம் என்ற நாரை வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள், தொலைநோக்கி வழியே வந்த வெயிலை அது ஒரு வெள்ளைத் துணியில் விழச் செய்தது. துணியில் சூரியன் வட்டமாகத் தெரிந்தது. அதில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள்! நாரையின் தோழியும் அரண்மனை ஓவியருமான கிளாரா என்ற அணில் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தது.

செய்தி மந்திரி நரியின் காதுக்கு எட்டியது. சூரியனுக்குக் கறை என்றால் ராஜாவுக்கும் கறை என்றுதானே அர்த்தம் என்று அது சிங்கத்திடம் வத்தி வைத்தது. நாரையைப் பிடித்துக் கோபுரத்தில் அடைத்தார்கள். சொன்னதை மாற்றிச் சொல்லாவிட்டால் சிறகை வெட்டிவிடுவோம் என்று மிரட்டினார்கள்.

"துணியில் விழுந்ததைச் சொன்னேன். அதை நான் எப்படி மாற்றுவது?" என்றது நாரை.

கிளாராவுக்கும் ஓர் உத்தரவு வந்தது. சபைக் கூரையில் சூரியனை வரைய வேண்டும். அதில் ராஜாவின் முகம் இருக்க வேண்டும். ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. மறுத்தால் தானும் கோபுரத்துக்குப் போக வேண்டியதுதான், அதனால் தோழனுக்கு என்ன பயன் என்று அணில் யோசித்தது. ராஜாவின் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு, சொன்னதைச் சொன்னபடியே வரைந்து முடித்தது.

திரை விலகியது. ராணியான பெண் சிங்கம் அண்ணாந்து பார்த்தது.

"அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் இது?"

சபையில் சலசலப்பு எழுந்தது. சிங்கத்துக்கே அது யாரென்று தெரியவில்லை. அணில் விறுவிறுவென்று ஏணியில் ஏறியது. ராஜாவின் முகத்தில் இருக்கும் அதே அமைப்பில், மீசை முளைக்கும் இடத்தில் தூரிகையால் வரிசையாகக் கரும்புள்ளிகள் வைத்தது.

"இப்போது இவரேதான்!" என்றது ராணி.

சிங்கம் தன் மூக்கோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அணில் ஏணியிலிருந்து இறங்கிவந்து சொன்னது: "அரசே, புள்ளி கூடாது என்றீர்கள், விட்டுவிட்டேன். புள்ளி போனதும் நீங்களும் போய்விட்டீர்கள். இந்தப் புள்ளிகளால் உங்கள் கம்பீரத்துக்கு என்ன குறை? நாரை சூரியனைப் பற்றிச் சொன்னதும் இவ்வளவுதான்."

நரி வாயைத் திறந்தது. சிங்கம் பாதத்தை உயர்த்தி அதை அடக்கியது. நாரையையும் தொலைநோக்கியையும் கொண்டுவரச் சொன்னது.

தோட்டத்தில் வெள்ளைத் துணியை விரித்தார்கள். சிங்கம் அதன் அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தது.

"இவை ஒரே இடத்தில் இருக்குமா, நகருமா?"

"நகரும் அரசே. நாளை வந்தால் காட்டுகிறேன்."

"வருகிறேன்" என்றது சிங்கம்.

உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்வதால் யாருடைய பெருமையும் குறைந்துவிடாது.